வெட்னரி படிக்கணும், எந்தெந்தக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம்?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

பிளஸ் டூ ரிசல்ட் வர்ற சமயம் ஆச்சுன்னா எனக்கு வர்ற மெசேஜ்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான் இருக்கும். "டாக்டர், வெட்னரி படிக்கணும், எந்த காலேஜ் பெஸ்ட்?" கேட்கிறது பசங்க மட்டும் இல்லை, அப்பா அம்மாவும்தான். நான் கால்நடை மருத்துவரா வேலை பார்க்கிறவன், அதனால பட்டுனு ஒரு பேரைச் சொல்லிடுவேன்னு எதிர்பார்க்கிறாங்க.

எந்தக் கல்லூரி பெஸ்ட் என்கிற கேள்வியைக் கடைசியில வைங்கன்னுதான் நான் சொல்வேன். அதுக்கு முன்னாடி நாலு கேள்வி இருக்கு. எந்தக் கதவு எனக்குத் திறந்திருக்கு? அங்க வாங்குற பட்டம் செல்லுமா? அஞ்சரை வருஷம் எங்க வீட்டால தாங்க முடியுமா? அங்க எந்த மாதிரி விலங்குகள் என் கைக்கு வரும்? இந்த நாலையும் இதே வரிசையில கேட்டீங்கன்னா, பட்டியல் தானா உருவாகிடும். இன்னைக்கு எபிசோட் முழுக்க அதுதான். தமிழ்நாட்டு மாணவர்களை மனசுல வெச்சுப் பேசுறேன்.

முதல் கேள்வி: எந்தக் கதவு?

நிறைய பேர் குழம்புற இடம் இது. "வெட்னரிக்கு நீட் வேணுமா, வேண்டாமா?" ரெண்டு பதிலும் சரி. எந்தக் கதவு வழியா உள்ள போறீங்க என்பதைப் பொறுத்தது.

தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவம் நடத்துவது தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம். அதன் கீழே ஏழு கல்லூரிகள் இருக்கின்றன. சென்னை வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, தஞ்சாவூர் மாவட்டம் ஒரத்தநாடு, சேலம் மாவட்டம் தலைவாசல், திருப்பூர் மாவட்டம் உடுமலைப்பேட்டை, தேனி மாவட்டம் வீரபாண்டி. அண்மை வருட அறிவிப்புகளின்படி ஏழிலும் சேர்த்து 660 இடங்கள். இதில் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் கிடையாது. பிளஸ் டூ மதிப்பெண்தான். உயிரியல் 100-க்கு, இயற்பியல் 50-க்கு, வேதியியல் 50-க்கு, ஆக மொத்தம் 200. உயிரியல்ல 96, இயற்பியல்ல 90, வேதியியல்ல 88 எடுத்திருந்தா, 96 + 45 + 44, உங்க கட்-ஆஃப் 185. தாவரவியல், விலங்கியல்னு தனித்தனியா படிச்சவங்களுக்கு அந்த ரெண்டும் சேர்ந்து 100-க்கு வரும்.

மருத்துவக் கலந்தாய்வுக்குப் பதிவு பண்ணிட்டா இதுவும் அதிலேயே வந்துடும்னு நினைக்கிற வீடுகள் நிறைய இருக்கு. வராது. பல்கலைக்கழகத்தின் இணையதளத்துல தனியா விண்ணப்பிக்கணும். அதுக்குத் தனிக் கடைசி தேதி, தனித் தரவரிசைப் பட்டியல், தனிக் கலந்தாய்வு. நீட் ரிசல்ட் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்னு உட்கார்ந்திருந்தா இந்தத் தேதி நமக்காகக் காத்திருக்காது. நீட் எழுதினாலும் எழுதலைன்னாலும், ஆசை இருந்தா முதல்ல இதைப் போட்டுடுங்க.

ரெண்டாவது கதவு, அகில இந்திய ஒதுக்கீடு. அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளில் 15 சதவீத இடங்களை இந்தியக் கால்நடை மருத்துவ கவுன்சில் நிரப்புகிறது. இதுக்கு நீட் மதிப்பெண் கட்டாயம். கவுன்சில் நடத்துற கலந்தாய்வுக்குத் தனியா பதிவு பண்ணணும். இந்தக் கதவு வழியாத்தான் தமிழ்நாட்டுப் பசங்க கேரளா, பஞ்சாப், குஜராத்னு போறாங்க.

மூணாவது, பக்கத்து மாநிலங்களின் சொந்த ஒதுக்கீடு. இது பெரும்பாலும் அந்தந்த மாநிலத்துக்காரங்களுக்குத்தான். கேரளா நீட் வழியா நிரப்புது, கர்நாடகா தன்னோட சிஇடி தேர்வு வழியா. நமக்கு இருப்பிடத் தகுதி இல்லைன்னா அங்க பணம் கட்டி விண்ணப்பிக்கிறதுல பிரயோஜனம் இல்லை. புதுச்சேரியில் குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி பேரில் ஒரு கால்நடை மருத்துவக் கல்வி நிலையம் இருக்கு, சேர்க்கை சென்டாக் வழியா. எந்தப் பிரிவுல வெளி மாநிலத்தவருக்கு இடம் இருக்குன்னு அந்த வருஷத்துத் தகவல் கையேட்டைப் படிச்சுட்டு முடிவு பண்ணுங்க.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆறாம் வகுப்பில் இருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படிச்சவங்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு, 2021-ல் வந்த சட்டத்தின்படி கால்நடை மருத்துவத்துக்கும் உண்டு. இதில் சேர்றவங்களோட படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும்னு அறிவிச்சிருக்காங்க. கிராமத்துல மாடு மேய்ச்சுக்கிட்டே படிச்ச பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய கதவுன்னு நான் சொல்லணும்னு இல்லை. உங்க தெருவுல அப்படி ஒரு பிள்ளை இருந்தா, தயவுசெய்து இதை அவங்க காதுல போட்டுடுங்க.

அதே பல்கலைக்கழகத்துல பி.டெக். படிப்புகளும் இருக்கு. உணவுத் தொழில்நுட்பம், பால்வளத் தொழில்நுட்பம், கோழியினத் தொழில்நுட்பம். நல்ல படிப்புகள்தான், வேலையும் இருக்கு. ஆனா அதைப் படிச்சா கால்நடை மருத்துவர் ஆக முடியாது. மருத்துவர் ஆகணும்னா பி.வி.எஸ்சி. அண்ட் ஏ.எச். என்கிற பட்டம் மட்டும்தான். "வெட்னரி டிப்ளமோ" என்று விளம்பரம் பண்றதும் மருத்துவர் படிப்பு இல்லை.

ரெண்டாவது கேள்வி: பட்டம் செல்லுமா?

இந்தியாவுல கால்நடை மருத்துவரா தொழில் செய்யணும்னா மாநிலக் கால்நடை மருத்துவ கவுன்சில்ல பதிவு பண்ணியிருக்கணும். 1984-ஆம் வருடத்து இந்தியக் கால்நடை மருத்துவ கவுன்சில் சட்டம் அப்படிச் சொல்கிறது. அந்தச் சட்டத்தோட முதல் அட்டவணையில் உங்க பல்கலைக்கழகத்தின் பட்டம் இருந்தாத்தான் பதிவு கிடைக்கும். பதிவு இல்லைன்னா கையில பட்டம் இருந்தும் பேருக்கு முன்னாடி டாக்டர்னு போட்டு ஊசி போட முடியாது, அரசு வேலைக்கும் விண்ணப்பிக்க முடியாது.

இங்க ரெண்டு வார்த்தையைப் பிரிச்சுப் பார்க்கணும். அனுமதி வேற, அங்கீகாரம் வேற. புதுசா தொடங்குற கல்லூரிக்கு முதல்ல மாணவர்களைச் சேர்க்க அனுமதி கிடைக்கும். அதோட முதல் பேட்ச் படிப்பை முடிக்கிற சமயத்துல கவுன்சில் வந்து ஆய்வு பண்ணி, பட்டத்துக்கு அங்கீகாரம் கொடுக்கும். அதனால புதுக் கல்லூரின்னாலே பயப்பட வேண்டாம். தமிழ்நாட்டிலேயே சேலம், உடுமலை, தேனி மூணும் 2020-ஐ ஒட்டி வந்தவைதான். பின்னாடி மாநில அரசும் பல்கலைக்கழகமும் நிக்குது. ஆனா வேற எங்கயோ ஒரு புதுத் தனியார் கல்லூரின்னா மூணு விஷயத்தைக் கேளுங்க. இந்த வருஷச் சேர்க்கைக்கு கவுன்சிலோட அனுமதி இருக்கா? எத்தனை இடத்துக்கு அனுமதி? முதல் பேட்ச் வெளிய வந்து பதிவு பண்ணியாச்சா? மூணுக்கும் பதிலை கவுன்சிலோட இணையதளத்துல நீங்களே பாருங்க. கல்லூரி சொல்றதையோ நடுவுல இருக்கிறவர் சொல்றதையோ வெச்சு முடிவு பண்ணாதீங்க.

மூணாவது கேள்வி: அஞ்சரை வருஷம் தாங்குமா?

இந்தப் படிப்பு நாலரை வருஷம் பாடம், அப்புறம் ஒரு வருஷம் கட்டாய உள்ளிருப்புப் பயிற்சி. மொத்தம் அஞ்சரை. கூடப் படிச்சவங்க இன்ஜினியரிங் முடிச்சு சம்பளம் வாங்க ஆரம்பிச்ச பிறகும் நீங்க ஹாஸ்டல் மெஸ் பில் கட்டிக்கிட்டு இருப்பீங்க. வீட்டுல இதை முன்னாடியே உட்கார்ந்து பேசிடுங்க.

கணக்குப் போடுறப்போ முதல் வருஷக் கட்டணத்தை மட்டும் பார்க்காதீங்க. படிப்புக் கட்டணம், ஹாஸ்டல், மெஸ், புத்தகம், வெள்ளைக் கோட்டு, கம்பூட், கருவிகள், ஊருக்குப் போயிட்டு வர்ற செலவு எல்லாத்தையும் சேர்த்து அஞ்சரை வருஷத்துக்குப் போடுங்க. அரசுக் கல்லூரியில் அந்தக் கணக்கு நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டும். தனியார் கல்லூரியில் பல லட்சங்களுக்குப் போகும்.

இதுக்கு ஒரு உதாரணம். ஒரு அம்மா எனக்கு வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. பொண்ணுக்கு இங்க கட்-ஆஃப் கொஞ்சம் குறையுது. வெளி மாநிலத்துல ஒரு தனியார் கல்லூரியில் இடம் இருக்குன்னு ஒருத்தர் சொல்றார், இந்த வாரத்துக்குள்ள முன்பணம் கட்டணுமாம். நகையை வெச்சுக் கட்டிடலாமா என்று கேட்டாங்க. அவங்களுக்குச் சொன்னதையே எல்லாருக்கும் சொல்றேன். இந்த வாரத்துக்குள்ள என்று யார் அவசரப்படுத்தினாலும் அதுதான் நிதானமா யோசிக்க வேண்டிய நேரம். அஞ்சரை வருஷத்து மொத்தக் கட்டணம் எவ்வளவு, வருஷா வருஷம் எவ்வளவு கூடும், நடுவுல விலகினா எவ்வளவு திருப்பித் தருவாங்க, பயிற்சி வருஷத்துல உதவித்தொகை உண்டா என்பதைக் கல்லூரிகிட்ட இருந்து எழுத்துல வாங்குங்க. பணம் கட்டினா கல்லூரியோட கணக்குல மட்டும் கட்டுங்க, ரசீது வாங்குங்க. ஆளோட கையில கொடுக்காதீங்க.

அப்புறம் இன்னொரு கணக்கு. இங்க தரவரிசைப் பட்டியல் நகரும். எம்.பி.பி.எஸ். கிடைச்சவங்க வெட்னரி இடத்தை விட்டுட்டுப் போவாங்க, அடுத்த சுற்றுல கீழ இருக்கிறவங்களுக்கு அது வரும். அதனால முதல் சுற்றுல பேர் வரலைன்னதும் கடன் வாங்கி ஓடாதீங்க. உங்க இனச்சுழற்சிப் பிரிவுல போன வருஷம் கடைசியா எந்த மார்க் வரைக்கும் போச்சுன்னு, போன வருஷம் சேர்ந்தவங்ககிட்ட விசாரிங்க. அதுக்கும் உங்க மார்க்குக்கும் எவ்வளவு தூரம்னு பார்த்தா, காத்திருக்கலாமா வேண்டாமான்னு ஒரு பிடி கிடைக்கும்.

நாலாவது கேள்வி: எந்த விலங்கு உங்க கைக்கு வரும்?

இந்த மூணு கேள்வியும் தாண்டி வந்த கல்லூரிகளை இப்ப ஒப்பிடலாம். இங்க பலர் தரவரிசைப் பட்டியலைத் தேடுவாங்க. மத்திய அரசோட தேசியத் தரவரிசையில் வேளாண்மை மற்றும் சார்ந்த துறைகள் என்ற பிரிவே 2023-ல்தான் வந்தது. அதுவும் பல்கலைக்கழகத்தை மொத்தமாத்தான் மதிப்பிடும். நாமக்கல்லா நெல்லையா என்கிற உங்க கேள்விக்கு அதுல பதில் இல்லை. பாடத்திட்டம் இந்தியா முழுக்க கவுன்சில் வகுத்ததுதான். ஏழு கல்லூரிக்கும் ஒரே பல்கலைக்கழகம், ஒரே பட்டம். வித்தியாசம் எங்க வருதுன்னா, கல்லூரியோட சிகிச்சை வளாகத்துக் கேட்டைத் தாண்டி தினமும் உள்ள வர்ற விலங்குகள்ல வருது.

வேப்பேரியை எடுத்துக்கோங்க. 1903-ல் சைதாப்பேட்டையில் தொடங்கி வேப்பேரிக்கு வந்த கல்லூரி, 1936-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தோட இணைந்து பட்டப்படிப்பு கொடுக்க ஆரம்பிச்சது. மூத்த பேராசிரியர்கள், மேற்படிப்புத் துறைகள், பெரிய நூலகம் எல்லாம் இருக்கு. மாநகரத்து நடுவுல இருக்கறதால நாயும் பூனையும் அங்க வர்ற மாதிரி வேற எங்கயும் வராது. செல்லப்பிராணி மருத்துவம், அறுவை சிகிச்சை, ஸ்கேன் இதுலதான் ஆர்வம்னா வேப்பேரி உங்க பட்டியல்ல மேல இருக்கணும்.

நாமக்கல் கல்லூரி 1985-ல் வந்தது. சுத்தி முட்டைக் கோழிப் பண்ணைகள். நாட்டுக்கே முட்டை அனுப்புற ஊர் அது. கோழி நோய்கள், தீவனம், பண்ணை நிர்வாகம் என்று கோழித் துறையில் போகணும்னா படிக்கிற இடமும் பின்னாடி வேலை கொடுக்கிற இடமும் ஒரே ஊர்ல இருக்கு.

நெல்லையும் ஒரத்தநாடும் 2012-ல் வந்தவை. நெல்லைப் பக்கம் வெள்ளாடு, செம்மறி மந்தைகள் அதிகம். வேம்பூர் ஆடு, கீழக்கரிசல் ஆடு, ராஜபாளையம், சிப்பிப்பாறை நாய் எல்லாம் அந்தத் தென்பகுதிச் சொத்து. ஒரத்தநாடு டெல்டாவுல இருக்கு. சேத்துல இறங்கி உழைக்கிற உம்பளச்சேரி மாடு அந்த மண்ணோடது. நெல் அறுப்பு, வைக்கோல், வெள்ளம் இதெல்லாம் கால்நடையை எப்படிப் பாதிக்கும்னு அங்க படிக்கிறவனுக்குத் தனியா சொல்லித்தர வேண்டியதில்லை.

தலைவாசல்ல பெரிய கால்நடைப் பூங்காவோட சேர்ந்த வளாகம். உடுமலைக்குச் சுத்துவட்டாரத்துல காங்கேயம் மாடும் பல்லடம் பக்கத்துக் கறிக்கோழிப் பண்ணைகளும் இருக்கு, ஆனைமலைக் காடும் தூரமில்லை. தேனியில் மலைமாட்டு மந்தைகள், மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டின விவசாயம். புதுக் கல்லூரிகள்ல மேற்படிப்பு மாணவர்கள் குறைவா இருக்கறதால, ஒரு மாடு பிரசவத்துக்கு வந்தா இளநிலை மாணவனுக்கே கிட்ட நிக்க வாய்ப்பு கிடைக்கலாம். இதை நீங்களே அங்க படிக்கிறவங்ககிட்ட கேட்டு உறுதி பண்ணிக்கணும்.

எங்க படிச்சாலும் எல்லா விலங்கையும் படிச்சுத்தான் ஆகணும், இதையும் சேர்த்துச் சொல்லிடறேன். நாய் டாக்டர் ஆகப்போறேன்னு சொல்றவங்களும் மாட்டுக்கு சினைப் பரிசோதனை பண்ணணும், கோழிக்குப் பிரேதப் பரிசோதனை பண்ணணும். சுற்றுவட்டாரம் கொடுக்கிறது கூடுதல் பழக்கம்தான்.

அதை எப்படித் தெரிஞ்சுக்கிறது? ஒரு நாள் காலையில அந்தக் கல்லூரி சிகிச்சை வளாகத்துக்குப் போய் வெளிய நில்லுங்க. என்னென்ன விலங்கு வருது, எத்தனை வருது, மாணவர்கள் கையை வெச்சுப் பார்க்கிறாங்களா, பின்னாடி நின்னு எட்டிப் பார்க்கிறாங்களா என்று கவனிங்க. மூணாவது, நாலாவது வருஷ மாணவர்கிட்ட இதைக் கேளுங்க: "இதுவரைக்கும் நீங்களே எத்தனை மாட்டுக்கு சினை பார்த்திருக்கீங்க? எத்தனை கன்னு இழுத்திருக்கீங்க? கிராமத்துக்கு வண்டியில கூட்டிட்டுப் போறாங்களா?" கையேட்டுல எழுதியிருக்கிற எதைவிடவும் அந்தப் பதில்கள் உங்களுக்கு உதவும்.

வெளி மாநிலம் போகலாமா?

அகில இந்திய ஒதுக்கீட்டுல நல்ல இடம் கிடைச்சா தாராளமா போகலாம். மண்ணுத்தியில யானை வைத்தியத்துக்குப் பேர் பெற்ற ஆசிரியர் மரபு இருக்கு, பூக்கோடு வயநாட்டுக் காட்டை ஒட்டி இருக்கு. லூதியானாவுல எருமையும் பெரிய பால் பண்ணைகளும். ஆனா ஒரு விஷயம் யோசிங்க. நம்ம நோயாளி பேசாது, அதுக்குப் பதிலா பேசுறது விவசாயி. "மூணு நாளா அசை போடலை டாக்டர்", "கன்னு போட்டு நஞ்சுக்கொடி விழலை", "இன்னும் பருவத்துக்கு வரலை" என்று அவர் சொல்ற ஒவ்வொரு வார்த்தையிலயும் நோய் ஒளிஞ்சிருக்கு. பஞ்சாபி தெரியாம லூதியானா கிளினிக்ல முதல் ரெண்டு வருஷம் பாதிதான் புரியும். மொழியைக் கத்துக்கத் தயார்னா போங்க, அது சொத்துதான். தயாரில்லைன்னா, பேர் பெரிசுன்னு மட்டும் போகாதீங்க. படிச்சு முடிச்சு திரும்பி வந்து தமிழ்நாடு கவுன்சில்ல பதிவு பண்ணிக்க வழி இருக்கு, அதுல பயமில்லை.

அமெரிக்கா, இங்கிலாந்து கனவுக்காக ஒரு கல்லூரியை மேல வைக்கலாமான்னும் கேட்கிறாங்க. தேவையில்லை. இந்தியாவுல எந்தக் கல்லூரியில் படிச்சாலும் அமெரிக்காவுல தொழில் பண்ண அவங்களோட சமநிலைத் தேர்வுகளையும் உரிமத் தேர்வையும் தாண்டணும். இங்கிலாந்துலயும் தனித் தேர்வு உண்டு. வேப்பேரிக்கும் தேனிக்கும் அதுல வித்தியாசம் கிடையாது. மேற்படிப்புக்கும் அப்படித்தான், அகில இந்திய நுழைவுத் தேர்வுல உங்க மார்க்கைத்தான் பார்ப்பாங்க. அரசு வேலையிலயும் கால்நடை உதவி மருத்துவர் பணிக்குத் தேர்வாணையத்தோட தேர்வை எழுதணும். வங்கியில் வேளாண் அலுவலர், ராணுவத்தில் கால்நடை மருத்துவப் பிரிவு என்று எந்தப் பக்கம் போனாலும் பட்டம் கதவைத் திறக்கும், உள்ள போறது உங்க படிப்பாலதான்.

விருப்பப் பட்டியலை எப்படி எழுதுறது?

கலந்தாய்வுல கல்லூரிகளை வரிசைப்படுத்தச் சொல்வாங்க. இங்க ஒரு பயம் உலாவுது. "கிடைக்காத கல்லூரியை முதல்ல போட்டா, கிடைக்கிறதும் போயிடும்" என்று. போகாது. உங்க தரவரிசை எண் வரும்போது, உங்க பட்டியலை மேல இருந்து பார்த்து, காலியா இருக்கிற முதல் கல்லூரியைக் கொடுப்பாங்க. முதல் விருப்பம் நிரம்பியிருந்தா ரெண்டாவதுக்குப் போகும். அதுக்காக உங்களைப் பின்னாடி தள்ள மாட்டாங்க. அதனால உண்மையா எதை விரும்புறீங்களோ அதை அதே வரிசையில எழுதுங்க.

ரெண்டு விதி மட்டும் போதும். கிடைச்சா போக மாட்டேன் என்கிற கல்லூரியைப் பட்டியல்ல போடாதீங்க. கிடைச்சா போவேன் என்கிற எதையும் தூரம், புதுசு, பேர் தெரியலை என்பதற்காக விட்டுடாதீங்க. சென்னையும் நாமக்கல்லும் மட்டும் போட்டுட்டு, தேனியில கிடைச்சிருக்க வேண்டிய இடத்தை விடுறது பெரிய நஷ்டம்.

ஒரு தம்பி கேட்டிருந்தார்: "வேப்பேரி கிடைக்கலைன்னா ஒரு வருஷம் சும்மா இருந்து மறுபடி முயற்சி பண்ணலாமா அண்ணா?" தம்பி, நீட் எழுதி எம்.பி.பி.எஸ். போகணும்னு உள்ளுக்குள்ள ஆசை இருந்தா அது தனிப் பேச்சு. வீட்டோட உட்கார்ந்து முடிவு பண்ணுங்க. ஆனா கால்நடை மருத்துவர் ஆகறதுதான் ஆசைன்னா, ஒரு கல்லூரியோட பேருக்காக ஒரு வருஷத்தைக் கொடுக்காதீங்க. ராத்திரி பதினோரு மணிக்கு ஒருத்தர் வீட்டுல மாடு கன்னு போட முடியாம படுத்திருக்கும். நீங்க எந்தக் காலேஜ்ல படிச்சீங்கன்னு அவர் கேட்க மாட்டார். கை எவ்வளவு பழகியிருக்குன்னுதான் அந்த மாட்டுக்கும் அவருக்கும் முக்கியம்.

இது எல்லாத்துக்கும் முன்னாடி ஒரு வேலை. உங்க ஊர் மாட்டாஸ்பத்திரிக்குப் போய் டாக்டர்கிட்ட அனுமதி கேட்டு ஒரு வாரம் கூட நில்லுங்க. சாணி, சீழ், ரத்தம், உதை, நடுவுல ஒரு கன்னுக்குட்டி எழுந்து நிக்கிற சந்தோஷம் எல்லாத்தையும் பாருங்க. எட்டாவது நாளும் போகணும்னு தோணுச்சுன்னா விண்ணப்பத்தைத் திறங்க. தோணலைன்னா, வேளாண்மை, மீன்வளம் என்று வேற வழிகள் இருக்கு. அஞ்சரை வருஷம் பிடிக்காததைப் படிக்கிறதைவிட ஒரு வாரத்துல தெரிஞ்சுக்கிறது நல்லதுதானே.

கடைசியா ஒருமுறை சுருக்கமா. மாநில விண்ணப்பத்தை முதல்ல போடுங்க, நீட் எழுதியிருந்தா அகில இந்தியக் கலந்தாய்வுக்கும் பதிவு பண்ணுங்க. எந்தக் கல்லூரியா இருந்தாலும் கவுன்சில் பட்டியல்ல பாருங்க. அஞ்சரை வருஷக் கணக்கைக் காகிதத்துல எழுதி வீட்டுல எல்லாரும் பாருங்க. மிச்சம் இருக்கிறதை, அங்க உங்க கைக்கு என்ன வரும்னு பார்த்து வரிசைப்படுத்துங்க. தேதியும் கட்டணமும் வருஷா வருஷம் மாறும், அந்த வருஷக் கையேட்டைப் பார்க்காம எதையும் அனுப்பாதீங்க, நான் சொன்னேன்னு கூட அனுப்பாதீங்க.

அடுத்த எபிசோடில் முதல் வருஷப் படிப்பு எப்படி இருக்கும், உடற்கூறியல் பாடத்தை எப்படிச் சமாளிக்கிறது என்று பேசுவோம். உங்க கட்-ஆஃப், பிரிவு, ஊர் எல்லாம் போட்டுக் கேள்வி அனுப்புங்க, முடிஞ்ச வரைக்கும் பதில் சொல்றேன். விண்ணப்பிக்கிற எல்லாத் தம்பி தங்கச்சிகளுக்கும் வாழ்த்துகள்.